பெடலா, ஆம்ப்பா? - ஒரு கரகரப்பின் வரலாறு

எலக்ட்ரிக் கிடார் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் மூணாவது, நாலாவது மாசத்துல ஒரு கேள்வி வரும். "ராக் பாட்டுல எல்லாம் கரகரன்னு உறுமுற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது எங்கேருந்து வருது?" பதில் கிடைச்ச உடனே அடுத்த கேள்வி. "அதுக்குன்னு காலால மிதிக்கிற பெடல் வாங்கணுமா, இல்ல ஆம்ப்ளிஃபயர்லயே அது வர்ற மாதிரி பார்த்து வாங்கணுமா?"

கிடார் வாசிக்கிறவங்க நாலு பேர் கூடுற இடத்துல இந்த ரெண்டாவது கேள்வியைப் போட்டுப் பாருங்க. ராஜா - ரஹ்மான் சண்டையெல்லாம் தோத்துடும் :-) ஆம்ப் கட்சிக்காரங்க, "வால்வு சூடாகி வர்ற சத்தம்தான் நெசம், பெடல்ல வர்றது டூப்ளிகேட்" என்பார்கள். பெடல் கட்சிக்காரங்க, "ஒரு லட்ச ரூபா ஆம்ப்பை வீட்ல வச்சு என்ன பண்ணுவீங்க, துணி காயப்போடுவீங்களா?" என்பார்கள். கடைசியில கேள்வி கேட்டவர் ஒண்ணும் வாங்காம வீட்டுக்குப் போயிடுவார்.

எது நல்லா இருக்கும்னு தீர்ப்பு சொல்றது இந்தப் பதிவோட வேலை இல்லை. இந்த "நெசம் - போலி" பிரிவினைக்கு வரலாற்றுல ஏதாவது ஆதாரம் இருக்கான்னு பார்க்கறதுதான் வேலை. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: இல்லை. ரெண்டுமே விபத்துல பொறந்தது. ரெண்டுக்கும் நடுவுல உண்மையான வித்தியாசம்னு ஒண்ணு இருந்தா அது தரம் இல்லை, சத்தத்தோட அளவு. எப்படின்னு பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

கரகரப்புன்னா என்ன?

கிடார் கம்பி அதிரும்போது பிக்கப் அதை ஒரு சின்ன மின் அலையா மாத்துது. ஆம்ப்ளிஃபயரோட வேலை அந்த அலையை உருவம் மாறாம பெருசாக்கறது. ஆனா எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு எல்லை உண்டு. அதுக்கு மேல பெருசாக்கச் சொன்னா அலையோட உச்சி வெட்டுப்பட்டு தட்டையாயிடும். உயரமான ஆள் மினி பஸ்ல ஏறினா தலை கூரையில இடிக்குமே, அந்த மாதிரி.

உச்சி தட்டையானா என்ன ஆகும்? மூல ஸ்வரத்துல இல்லாத மேல்சுருதிகள் (ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, அஞ்சு மடங்கு அதிர்வெண்கள்) புதுசா முளைக்கும். அதைத்தான் காது "கரகரப்பு"ன்னு கேக்குது. வால்வு பெரும்பாலும் உச்சியைக் கொஞ்சம் வளைச்சு மழுக்கும். எளிமையான டிரான்சிஸ்டர் சர்க்யூட் கத்தி வச்ச மாதிரி வெட்டும். அதனாலதான் ஒண்ணு மென்மையாவும் இன்னொண்ணு முரடாவும் கேக்குது.

இதுல ரெண்டு உபரி லாபம். ஒண்ணு, உச்சி வெட்டுப்படறதால, ஸ்வரம் ஆரம்பிக்கும்போது இருக்கிற சத்தமும் அது தேய்ஞ்சு போகும்போது இருக்கிற சத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவா வெளிய வரும். சாதாரணமா கிடார் ஸ்வரம் 'டங்'குன்னு வந்து உடனே செத்துடும். கரகரப்பு வந்தா வயலின் வில்லால இழுக்கிற மாதிரி நீண்டு நிக்கும். ரெண்டாவது, ரெண்டு மூணு ஸ்வரத்தை ஒண்ணா வாசிச்சா, அதுங்களோட கூட்டல் கழித்தல் அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கும். முழு கார்டு வாசிச்சா குழம்பாயிடும். ஆதாரமும் அதோட பஞ்சமமும் மட்டும் வாசிச்சா மலை மாதிரி நிக்கும். ராக்ல 'பவர் கார்டு' அவ்வளவு முக்கியமானதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

"இப்படி ஒரு பழுதைப் போய் யாராவது ரசிப்பாங்களா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே வரி பதில்: தம்புராவைப் பாருங்க. குதிரைக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு நூலைச் சொருகி, தந்தி குதிரையை உரசிக்கிட்டே அதிர்ற மாதிரி பண்ணி, அந்த ரீங்காரத்தை வரவைக்கிறோம். மேல்சுருதி மேல காதுக்கு இருக்கிற ஆசை ரொம்பப் பழசு.

முதல் விபத்து: கிழிஞ்ச ஸ்பீக்கர்

ஆம்ப் செஞ்ச முதல் தலைமுறை ஆட்கள் கரகரப்பை விரும்பவே இல்லை. அவங்களுக்கு அது ஒரு குறை. லியோ ஃபெண்டர் மாதிரி ஆட்கள் பாடுபட்டதெல்லாம் சத்தம் சுத்தமா வரணும்னுதான். ஆனா சின்ன ஆம்ப்பை வச்சுக்கிட்டு கூட்டமான நடன அரங்குகள்ல வாசிச்ச ப்ளூஸ் கலைஞர்களுக்கு வால்யூமை முழுசா திருகறதைத் தவிர வேற வழி இல்லை. ஆம்ப் கதறும். கதறினது அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

1951 மார்ச்ல மெம்ஃபிஸ் நகரத்துல சாம் ஃபிலிப்ஸோட சின்ன ஸ்டூடியோவுக்கு ஐக் டர்னரோட குழு வந்துச்சு. வர்ற வழியில கிடார்காரர் வில்லி கிசார்ட்டோட ஆம்ப் அடிபட்டுப் போச்சு. கார்லேருந்து விழுந்துச்சுன்னு ஒரு கதை, மழையில நனைஞ்சுதுன்னு இன்னொரு கதை. ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருந்துச்சு. வேற ஆம்ப் தேடாம, கிழிசல்ல காகிதத்தை அடைச்சு அப்படியே பதிவு பண்ணிட்டாங்க. அதுதான் 'ராக்கெட் 88'. பாடினவர் ஜாக்கி பிரென்ஸ்டன். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல்ல முதலிடத்துக்குப் போச்சு. முதல் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டு எதுன்னு சண்டை போடறவங்க இன்னைக்கும் இதோட பேரை இழுப்பாங்க.

ஏழு வருஷம் கழிச்சு, 1958ல லிங்க் ரே 'ரம்பிள்'னு ஒரு வாத்திய இசை போட்டார். மேடையில வந்த முரட்டு சத்தம் ஸ்டூடியோவுல வரலை. பென்சிலை எடுத்து ஸ்பீக்கர் கோன்ல ஓட்டை போட்டார். விபத்தை வேணும்னே உண்டாக்கறது இங்கதான் ஆரம்பிக்குது. அதுல வார்த்தையே கிடையாது; இருந்தும் ரௌடித்தனத்தைத் தூண்டும்னு சொல்லி அமெரிக்க வானொலி நிலையங்கள் சிலது அதைத் தடை பண்ணுச்சு.

1964ல லண்டன்ல 'தி கிங்க்ஸ்' குழுவோட டேவ் டேவிஸ், 17 வயசுப் பையன், ஒரு குட்டி ஆம்ப்போட ஸ்பீக்கரை பிளேடால கீறிட்டார். அதோட வெளியீட்டை வாக்ஸ் ஏசி30ங்கிற பெரிய ஆம்ப்புக்குள்ள செருகினார். 'யூ ரியலி காட் மீ' பாட்டோட ஆரம்பம் அப்படித்தான் வந்துச்சு.

இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனிங்க. ஒரு சின்ன பெட்டி கரகரப்பை உண்டாக்குது. அடுத்த பெட்டி அதைப் பெருசாக்குது. குட்டி ஆம்ப் இங்க பார்க்கறது பெடலோட வேலை! 'ஆம்ப்போட நிஜ சத்தம்'னு கொண்டாடற பாட்டுல ஒண்ணு, அமைப்புல பார்த்தா பெடல் சத்தம்.

ரெண்டாவது விபத்து: கெட்டுப்போன மிக்ஸர்

பெடலோட பூர்வீகம் ஆம்ப் கிடையாது. ஆம்ப்பைக் காப்பியடிச்சு பெடல் வந்துச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. பூர்வீகம் வேற ஊர், வேற இசை.

நாஷ்வில். 'கன்ட்ரி' இசையோட தலைநகரம். மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொர்ரி'ன்னு ஒரு சாதுவான காதல் பாட்டு பதிவு பண்றார். நடுவுல கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ்ல ஒரு சின்ன தனி வாசிப்பு. அவரோட சிக்னல் நேரா மிக்ஸருக்குள்ள போகுது. அந்த சேனல்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப் போச்சு. தேனீக்கூட்டம் உறுமற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. திரும்பப் பதிவு பண்ணலாமான்னு பேச்சு வந்து, கடைசியில அதையே விட்டுட்டாங்க. 1961ல பாட்டு பெரிய ஹிட்.

அப்புறம் எல்லாரும் அந்த சத்தம் எங்களுக்கும் வேணும்னு வர ஆரம்பிச்சாங்க. கெட்டுப்போன சேனல் முழுசா செத்துட்டா என்ன பண்றது? ரெக்கார்டிங் இன்ஜினியர் க்ளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர் வச்சு ஒரு சின்ன பெட்டியில உருவாக்கினார். கிப்சன் கம்பெனிகிட்ட கொடுத்தார். 1962ல மேஸ்ட்ரோங்கிற பேர்ல 'ஃபஸ் டோன் எஃப்இசட்-1' வெளிவந்துச்சு. மூணு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ரெண்டு டார்ச் லைட் பேட்டரி. அவ்வளவுதான்.

கிப்சன் அதை எப்படி வித்துச்சு தெரியுமா? ராக்குன்னோ ரௌடின்னோ இல்லை. உங்க கிடாரை டிரம்பெட் மாதிரி, டியூபா மாதிரி, செல்லோ மாதிரி ஒலிக்க வைக்கும்னு விளம்பரம் பண்ணாங்க. கடைக்காரங்க நம்பி 5,000க்கு மேல வாங்கி அடுக்கினாங்க. வாங்கத்தான் ஆள் இல்லை. அடுத்த ரெண்டு வருஷம் கிட்டத்தட்ட விற்பனையே கிடையாது. பெட்டிங்க தூசி படிஞ்சு கிடந்துச்சு.

1965 மே மாசம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஹாலிவுட்ல 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பதிவு பண்ணும்போது கீத் ரிச்சர்ட்ஸ் இந்தப் பெட்டியை மிதிச்சார். அவர் மனசுல இருந்தது கிடார் சத்தமே இல்லை. அந்த வரியை பின்னாடி டிரம்பெட், சாக்ஸபோன் வச்சு நிரப்பணும், அதுக்கு ஒரு மாதிரி வரைவுதான் இதுன்னு நினைச்சார். ஆனா குழுவுல மத்தவங்க அப்படியே வெளியிட்டுட்டாங்க. உலகம் முழுக்க ஓடுச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள கடைகள்ல தூங்கின பெடலெல்லாம் வித்துப் போச்சு. (அதே வருஷம் ஓட்டிஸ் ரெடிங் அந்தப் பாட்டை நிஜ டிரம்பெட், சாக்ஸபோன் வச்சே பதிவு பண்ணார். கீத் மனசுல இருந்தது ஒரு வழியா அங்க நிறைவேறுச்சு.)

ஆக, பெடல் என்னைக்கும் 'போலி ஆம்ப்'பா பொறக்கலை. மிக்ஸரோட பழுதைப் பிடிச்சுப் பெட்டியில அடைச்சு, டிரம்பெட் மாதிரி ஒலிக்கட்டும்னு வித்த பொருள் அது.

டிரம்ஸ் கடைக்காரர் செஞ்ச ஆம்ப்

இப்ப ஆம்ப் கட்சியோட குலதெய்வத்துக்கு வருவோம். மார்ஷல்.

ஜிம் மார்ஷல் அடிப்படையில டிரம்ஸ் வாத்தியார். மேற்கு லண்டன்ல ஹேன்வெல் பகுதியில டிரம்ஸ் கடை வச்சிருந்தார். கடைக்கு வந்த கிடார் பசங்க நல்ல ஆம்ப் கேட்டாங்க. அமெரிக்காவுலேருந்து வர்ற ஃபெண்டர் யானை விலை. 1962ல அவரும், கடையில ரிப்பேர் பார்த்த கென் ப்ரானும், டட்லி க்ரேவன்ங்கிற இளைஞரும் சேர்ந்து ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்போட சர்க்யூட்டை எடுத்து, கிடைச்ச உதிரி பாகங்களைப் போட்டு ஒண்ணு செஞ்சாங்க. அதுதான் 'ஜேடிஎம்45'. உதிரி பாகங்கள் மாறினதால சத்தமும் மாறுச்சு, சீக்கிரமே கரகரத்துச்சு. 'நெசமான ஆம்ப் சத்தம்'னு இன்னைக்கு சாமி கும்பிடறது, விலை கட்டுப்படியாகலைன்னு செஞ்ச ஒரு நகல்ல ஆரம்பிச்சது!

அந்த சத்தத்தை உலகத்துக்குக் காட்டினது 1966ல ஜான் மேயலோட ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுல எரிக் கிளாப்டன் வாசிச்ச ஆல்பம். லண்டன் டெக்கா ஸ்டூடியோ. கிப்சன் லெஸ் பால் கிடார், மார்ஷல் ஆம்ப். (அந்த ஆம்ப்போட மாடல் நம்பர் 1962. வருஷம் இல்லை, குழப்பிக்காதீங்க.) அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கம், ஆம்ப்போட சத்தத்தைக் குறைச்சு வச்சு மைக்கைப் பக்கத்துல வைக்கறது. கிளாப்டன் மேடையில வைக்கிற அதே வால்யூம்லதான் வாசிப்பேன்னு பிடிவாதம் பிடிச்சார். ஏன்னா வால்யூமைக் குறைச்சா அந்தக் கரகரப்பே வராது.

பதிவோட நடு நரம்பு இதுதான். பழைய ஆம்ப்ல கரகரப்பும் சத்தமும் ஒரே குமிழ்ல இருந்துச்சு. ஒண்ணு வேணும்னா இன்னொண்ணையும் சேர்த்து வாங்கிக்கணும்.

அதுக்கு மனுஷங்க விலை கொடுத்தாங்க. 1965ல 'தி ஹூ' குழு கேட்டுத்தான் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செஞ்சது. அந்தக் குழுவோட பீட் டவுன்ஷெண்ட் பின்னாடி தன்னோட காது இரைச்சலைப் பத்தியும் கேட்கும் திறன் குறைஞ்சதைப் பத்தியும் வெளிப்படையா பேசினார்.

ரெண்டையும் சேர்த்து மிதிச்சவர்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எந்தக் கட்சி? பெடல் கட்சிக்காரங்க அவர் காலடியில இருந்த ஃபஸ் ஃபேஸைக் காட்டுவாங்க. 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி விட்டது. மைக் ஸ்டாண்டோட அடிப்பாகம் மாதிரி வட்டமா இருக்கும். ஆம்ப் கட்சிக்காரங்க அவர் பின்னாடி நின்ன மார்ஷல் சுவரைக் காட்டுவாங்க. உண்மையில ரெண்டும் சேர்ந்த சத்தம் அது. ஏற்கனவே கொதிச்சுக்கிட்டு இருக்கிற ஆம்ப்புக்குள்ள பெடல் இன்னும் விறகு போடுது. கிடார்ல இருக்கிற வால்யூம் குமிழைக் குறைச்சா சத்தம் தெளியும், கூட்டினா எரியும். 1967ல வந்த 'பர்ப்பிள் ஹேஸ்'ல போதாததுக்கு ரோஜர் மேயர் செஞ்சு கொடுத்த 'ஆக்டேவியா'ங்கிற இன்னொரு பெட்டி வேற.

இந்தக் கால பெடல்ல ஒரு வேடிக்கை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு சூடு ஆகாது. மேடை விளக்கு சுட்டா சத்தம் மாறிடும். ஒரே மாடல்ல ரெண்டு வாங்கினா ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. 'பெடல்னா எந்திரத்தனம், ஆம்ப்னா உயிர்'னு பேசறவங்க இதையும் கணக்குல எடுத்துக்கணும். பிறகு சிலிக்கான் டிரான்சிஸ்டர் வந்து அந்த வம்பைக் குறைச்சுச்சு, கூடவே சத்தமும் கூர்மையாச்சு.

'பெடலே மிதிக்காத சுத்த சைவம்'னு சொல்லப்படற ஏசி/டிசி குழுவோட ஆங்கஸ் யங்கை எடுத்துக்குங்க. கிடாரும் மார்ஷலும் மட்டும்தான்னு சொல்வாங்க. ஆனா 1970களோட கடைசியிலேருந்து அவர் பயன்படுத்தினது ஷாஃபர்-வேகாங்கிற வயர்லெஸ் கருவி. மேடையில ஓடியாட வாங்கினது. அதுக்குள்ள இருந்த சர்க்யூட் சிக்னலை அமுக்கி, ஊதிப் பெருக்கி ஆம்ப்புக்கு அனுப்பும். 1980ல 'பேக் இன் பிளாக்' பதிவுக்கும் அதைப் பயன்படுத்தினார். பேர்தான் வயர்லெஸ், பண்ணின வேலையில பாதி பெடல் வேலை.

எதிர்ப்பக்கம் டேவிட் கில்மோர். ஹைவாட்ங்கிற பெரிய ஆம்ப்பை சுத்தமான சத்தத்துல வச்சுக்கிட்டு, கரகரப்பு எல்லாத்தையும் பெடல்கிட்ட ஒப்படைச்சவர். 1979ல வந்த 'கம்ஃபர்டப்ளி நம்ப்' தனி வாசிப்புல கேக்கறது நியூயார்க்ல மைக் மேத்யூஸோட எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கம்பெனி செஞ்ச பிக் மஃப் பெடல். அதைக் கேட்டுட்டு 'டூப்ளிகேட்'னு சொல்ற தைரியம் யாருக்காவது இருக்கா?

கரகரப்பையும் சத்தத்தையும் பிரிச்ச கதை

1970களோட வரலாறே இந்த ரெண்டையும் வேற வேற குமிழுக்குப் பிரிச்ச வரலாறுதான். ரெண்டு பக்கத்துலேருந்தும் சுரங்கம் தோண்டி நடுவுல சந்திச்ச மாதிரி.

ஆம்ப் பக்கத்துலேருந்து: கலிஃபோர்னியாவுல ராண்டல் ஸ்மித் ஃபெண்டர் ஆம்ப்புகளைப் பிரிச்சு மாத்திக்கிட்டு இருந்தார். ஒரு வால்வு நிலைக்கு அப்புறம் இன்னொரு வால்வு நிலைன்னு அடுக்கி, முன்பகுதியிலேயே கரகரப்பை உண்டாக்கி, கடைசியில தனியா ஒரு மாஸ்டர் வால்யூம் வச்சார். அதுதான் மேசா பூகி. சந்தானா அதோட ஆரம்ப கால வாடிக்கையாளர். மார்ஷலும் 1975ல மாஸ்டர் வால்யூம் வச்ச 2203 மாடலை விட்டது. 'பாஸ்டன்' குழுவோட டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில படிச்ச இன்ஜினியர், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல செருகி சத்தத்தைக் குடிக்கிற 'பவர் சோக்'ங்கிற பெட்டியை 1980ல விட்டார். 1982ல அவரே விட்டது 'ராக்மேன்'. வாக்மேன் மாதிரி இடுப்புல மாட்டி ஹெட்ஃபோன்ல கேக்கற ஆம்ப். 1987ல டெஃப் லெப்பர்ட் குழுவோட 'ஹிஸ்டீரியா' ஆல்பத்துல ஸ்டேடியம் அதிர்ற கிடாரெல்லாம் பெரும்பாலும் இந்தக் கைக்கடக்கமான பெட்டியிலேருந்து வந்ததுன்னா நம்புவீங்களா?

பெடல் பக்கத்துலேருந்து: ஜப்பான்காரங்க. 1977ல போஸ் ஓடி-1, 1978ல டிஎஸ்-1, 1979ல ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர். இதுங்க பழைய ஃபஸ் மாதிரி இல்லை. டையோடை எங்க வைக்கிறோம்ங்கறதுதான் சூட்சுமம். சிக்னல் வெளிய போற வழியில வச்சா (டிஎஸ்-1) முரட்டு வெட்டு. சிப்போட பின்னூட்டப் பாதையில வச்சா (டியூப் ஸ்க்ரீமர்) மென்மையான மழுங்கல், வால்வோட சாயல். ('பின்னூட்டம்'னா இது வேற பின்னூட்டம் மக்களே :-)) பேரைப் பாருங்க, 'டியூப்'. உள்ள ஒரு வால்வும் கிடையாது.

ஆனா டியூப் ஸ்க்ரீமரை ஸ்டீவி ரே வான் பயன்படுத்தின விதம் வேற. பெடல்ல கரகரப்பைக் குறைச்சு வச்சு, வெளியீட்டைக் கூட்டி, ஃபெண்டர் ஆம்ப்போட வால்வுகளைத் தள்ளறதுக்கு அதை வச்சார். அதே உத்தியை மெட்டல்காரங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. ஏற்கனவே அகோரமா கரகரக்கிற ஆம்ப்புக்கு முன்னாடி எதுக்கு இன்னொரு பெடல்? அது அடிக்கட்டை ஸ்வரங்களைக் குறைச்சு நடு ஸ்வரங்களை முன்னாடி தள்ளும். ஆம்ப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே பேஸ் குறைஞ்சுட்டா, கரகரப்பு சேறா குழையாம இறுக்கமா வரும்.

கட்சி எல்லை அழிஞ்ச இடம்

இப்ப ஆம்ப் கட்சிக்காரங்களுக்குக் கொஞ்சம் கசப்பு மருந்து. 1980கள்ல மார்ஷல் விட்ட 2205, 2210 மாடல்கள்ல கரகரப்பு சேனல்ல வால்வோட சேர்த்து டையோடும் உண்டு. அதாவது பெடல்ல இருக்கிற அதே தந்திரம். 1987ல வந்த சில்வர் ஜூபிலியிலும் அப்படித்தான். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவோட டாம் மொரெல்லோ ஆயுசு முழுக்க வச்சு வாசிக்கிறது ஒரு 2205. 1988ல மார்ஷலே 'கவர்னர்'னு ஒரு பெடலும் விட்டுடுச்சு. அப்புறம் யார் நெசம், யார் போலி?

பெடல் கட்சிக்காரங்களுக்கு ஒரு கதை. 1983ல போஸ் 'ஹெவி மெட்டல் எச்எம்-2'ன்னு ஒரு பெடல் விட்டது. பெரிய ஆம்ப் சத்தத்தைப் பெட்டியில தர்றதுதான் நோக்கம். பெருசா மரியாதை கிடைக்கலை, 1991ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஸ்டாக்ஹோம்ல சில பசங்க அதோட நாலு குமிழையும் கடைசி வரைக்கும் திருகி வாசிச்சாங்க. மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி ஒரு சத்தம். சன்லைட் ஸ்டூடியோவுல என்டூம்ட் குழு பதிவு பண்ணி 1990ல வெளிவந்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' மூலமா அது ஸ்வீடிஷ் டெத் மெட்டலோட அடையாளமாவே ஆயிடுச்சு. ஆம்ப்பைப் போலி செய்யப் போய், எந்த ஆம்ப்லயும் வராத சத்தம் ஒண்ணு பொறந்துச்சு. சுமார் 30 வருஷம் கழிச்சு போஸே அந்த பெடலைத் திரும்ப வெளியிட வேண்டி வந்துச்சு.

சரி சாமி, எதைத்தான் வாங்கறது?

வரலாறு சொல்ற முதல் பாடம்: கேள்வியை மாத்துங்க. "எது நெசம்?"னு கேக்காம "நான் எவ்வளவு சத்தமா வாசிக்க முடியும்?"னு கேளுங்க.

வால்வு ஆம்ப்போட முழு சுகம் அதோட பவர் வால்வும் ஸ்பீக்கரும் திணறும்போதுதான் வரும். "அப்ப 100 வாட்டுக்குப் பதிலா 50 வாட் வாங்கினா சத்தம் பாதியாயிடுமே"ன்னு கணக்குப் போடாதீங்க. பாதி வாட்டுக்கு 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியா கேக்கணும்னா வாட் சுமார் பத்துல ஒண்ணா குறையணும். கிடார் ஸ்பீக்கர்கள் பொதுவா ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 95லேருந்து 100 டெசிபல் வரைக்கும் கத்தும். அடுக்குமாடிக் குடியிருப்புல அதுக்கே அசோசியேஷன் செயலாளர் கதவைத் தட்டுவார்.

அதனால என் சிற்றறிவுக்கு எட்டினது:

வீட்ல மட்டும் வாசிக்கிறவங்களுக்கு, சுத்தமா ஒலிக்கிற ஒரு சாதாரண ஆம்ப்பும் ஒரு பெடலும் போதும். வெட்கப்பட ஒண்ணுமில்லை, கில்மோர் வழி அது. டியூப் ஸ்க்ரீமர் மாதிரி மென்மையான வகை, சுத்தமான சின்ன ஆம்ப்ல கொஞ்சம் சோகையா கேக்கலாம். அதோட வேலை கொதிக்கிற ஆம்ப்பைத் தள்ளறது. தனியா நிக்கணும்னா டிஎஸ்-1 வகையோ ஃபஸ் வகையோ பாருங்க.

குழுவோட, டிரம்ஸ் பக்கத்துல நின்னு வாசிக்கிறவங்களுக்கு ஆம்ப்பைத் திறந்துவிட நியாயமான காரணம் உண்டு. அப்ப ஆம்ப்போட கரகரப்பை அடிப்படையா வச்சு, தனி வாசிப்புக்குத் தள்ள ஒரு பெடல். காதுக்கு அடைப்பான் கட்டாயம். டவுன்ஷெண்டை நினைச்சுக்குங்க.

ஊர் ஊரா போய் அங்கங்க கிடைக்கிற ஆம்ப்ல வாசிக்கிறவங்களுக்குப் பெடல்தான் துணை. உங்க சத்தத்தை நீங்களே பையில எடுத்துட்டுப் போகலாம்.

மூணாவது கட்சி ஒண்ணும் இருக்கு. 1998ல லைன் 6 கம்பெனி விட்ட 'பாட்' மாதிரி, ஆம்ப்பையே கணக்கா மாத்திக் கொடுக்கிற டிஜிட்டல் பெட்டிகள். இப்ப நியூரல் நெட்வொர்க் வச்சு நிஜ ஆம்ப்பைக் கேட்டுக் கத்துக்கிற மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. இதுல என்ன வேடிக்கைன்னா, அதுங்களும் பிடிக்க முயற்சி பண்றது அந்தப் பழைய பழுதுங்களைத்தான். கிழிஞ்ச கோன், திணறின வால்வு, செத்துக்கிட்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர்.

காகிதம் அடைச்ச ஸ்பீக்கரை வச்சு வாசிச்ச வில்லி கிசார்ட்டுக்கு அன்னைக்கு வேற ஆம்ப் கிடைச்சிருந்தா அதைத்தான் வாங்கியிருப்பார்னு தோணுது. கையில இருந்ததை வச்சு வாசிச்சார். எது வாங்கினாலும் நீங்களும் அதைச் செஞ்சா சரி.

நீங்க எந்தக் கட்சி, என்ன வச்சு வாசிக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது ஆம்ப் ஸ்பீக்கரை பிளேடால கீறினா கம்பெனி பொறுப்பேற்காது. ஆட்டோ அனுப்பாதீங்க :-)